கூடுதலாக ஒன்று

“ஒண்ணு கூடுதலா இருக்குங்கய்யா.”

மாடிப்படியின் அடியில் நின்று வீட்டுக்கார அம்மையார் இவ்வாறு சொல்லும்போது மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கும். கைப்பேசியைக் கை நீளும் தொலைவுக்கு நீட்டிப் பிடித்திருப்பார். குரலில் அச்சமும் இராது, வியப்பும் இராது. குழம்புக்கு உப்புப் போதவில்லை என்று சொல்லும் குரல்தான். ஆயினும் அந்தக் கூடுதலான ஒன்று எதுவென்று தெரியும்வரை அவ்வீட்டில் எவருக்கும் அமைதி கிடையாது என்பதை மாடியில் குடியிருந்த நான் விரைவிலேயே அறிந்துகொண்டேன்.

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில், சாலையை விட்டுக் கீழிறங்கும் சரிவில், நீல வாயிற்கதவுக்கும் பேரிக்காய் மரத்துக்கும் பின்னே அமைந்த கல்வீடு அது. கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மலைக்காற்றை நாடி வந்து அதன் மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தேன். அம்மையார் பாதிரிமார் நடத்திய உறைவிடப் பள்ளியொன்றில் மாணவியர் விடுதியை நெடுங்காலம் கண்காணித்தவர். ஓய்வு பெற்ற பின்னரும் ஊரார் அவரை ‘வார்டனம்மா’ என்றே அழைத்தனர். முன்புறத்து அறைகளைச் சுற்றுலா வருவோர்க்கு விட்டுப் பிழைப்பை நடத்தி வந்தார்.

வீடு மலையின் மடிப்புக்குள் ஒடுங்கியிருந்தமையால் அங்கே கைப்பேசி அலை எட்டாது. சாலைக்கு ஏறினால்தான் கைப்பேசிக்கு உயிர் வரும். அதனால் கம்பிவழி இணையத்தை வரவழைத்து, கம்பியில்லா வலையாக வீடெங்கும் பரப்பும் பெட்டி ஒன்றை உணவறைச் சுவரில் பொருத்தியிருந்தார். நான் அதனைத் திசைவி என்பேன். அவர் ‘டப்பா’ என்பார்.

வலையில் எந்தக் கருவி சேர்ந்தாலும் அவர் கைப்பேசியில் அது தென்படும். ஆனால் எழுத்தும் எண்ணும் விரவிய பிதற்றலான பெயரோடு தென்படும். அதை அவர் பொறுக்கமாட்டார். உடனே அழித்துவிட்டுத் தாமே பெயரிடுவார். ‘மாடி ஐயா போன்’, ‘சாப்பாட்டு ரூம் டிவி’, ‘ஒண்ணாம் நம்பர் மீசைக்காரர்’, ‘சும்மா சும்மா வெந்நீ கேக்குற பொண்ணு’. கடவுச்சொல்லை எவரிடமும் எழுதித் தரமாட்டார். விருந்தினரின் கைப்பேசியை வாங்கி, அவர் பெயரைக் கேட்டுக்கொண்டு, விடுதியில் சொல்லெழுதுதல் நடத்திய பழக்கத்தால் ஒவ்வோர் எழுத்தாக உரக்கச் சொல்லிக்கொண்டே தாமே அழுத்துவார்.

ஒருமுறை அந்தக் கூடுதல் கருவி நானாகவே இருந்தேன். என் கைப்பேசி ஏதோ புதுப்பித்தலுக்குப் பின் தன் முகவரியை மாற்றிக்கொண்டு வேற்றாள்போல் வலையில் நுழைந்துவிட்டது. அம்மையார் ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்லிப் பார்த்தார். தொலைக்காட்சி, விருந்தினர் கைப்பேசிகள், இறுதியில் என்னுடையது. என்னுடையதை அணைத்ததும் அவர் திரையில் அந்தப் பிதற்றற்பெயர் மங்கிற்று.

“உங்க போன்தான். மாறுவேசம் போட்டுக்கிட்டு வந்துருக்கு” என்றார்.

“நான் ஒன்றும் செய்யவில்லையே அம்மா.”

“எங்க ஹாஸ்டல்லயும் எந்தப் பிள்ளையும் ஒண்ணும் செஞ்சதில்லைங்கய்யா.”

விடுதிக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை அன்று சொன்னார். ஒரு காலைப்பொழுதில் எண்ணிக்கையில் ஒருத்தி கூடுதலாக இருந்தாளாம். யாரோ ஒரு மாணவி, வீட்டில் அடி பொறுக்காமல் ஓடிவந்த தன் தோழியைச் சீருடை போட்டு உள்ளே ஒளித்து வைத்திருந்தாள். ‘வெளியாள் யார்?’ என்று அம்மையார் கேட்கவில்லை. எல்லாரையும் கம்பளியை மடிக்கச் சொன்னார். அவ்விடுதியில் கம்பளி மடிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஓரங்கள் உள்ளே போய்க் கடைசி மடிப்பு உறைபோல் செருகிக்கொள்ளும். எல்லாரும் மடித்து முடித்தபோது ஒருத்தி மட்டும் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்புறம் என்ன செய்தீர்கள்?”

“முதல்ல கஞ்சி குடுத்தேன். அப்புறம் கம்பளி மடிக்கச் சொல்லிக் குடுத்தேன். பேரைச் சேத்தாச்சுன்னா அப்புறம் எப்படி அவ வெளியாள்?”

இதைக் கேட்டபோது அவர்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று. ஆனால் அதே அம்மையாரின் அதே இயல்பு வேறொரு நாள் எனக்கு ஒவ்வாமற்போயிற்று. அன்று காலையில் வெளியே சென்றவன் மாலையில் திரும்பினேன். படியருகே காத்திருந்தார்.

“வெள்ளனேயிருந்து உங்க போன் வீட்ல இல்ல. நடக்கப் போனா வெரசா வந்துருமே. எங்க போயிருந்தீங்க?”

கண் மருத்துவரிடம் போயிருந்தேன். பார்வை மங்கி வருவதை எவரிடமும் சொல்ல விருப்பமில்லாமல் இருந்தேன். சொல்லவேண்டியதாயிற்று. மறுநாளே மாடிப்படிக்குக் கைப்பிடிக் குழாய் பொருத்த ஆள் வந்துவிட்டான். நன்றி சொன்னேன். ஆயினும் அதன்பின் வெளியே புறப்படுவதற்கு வெகுமுன்பே கைப்பேசியை அணைத்துவைக்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. நம் நன்மைக்காகவே ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் முதுகு கூசத்தான் செய்கிறது.

பின்கட்டில் இருந்த ஓரறை வீட்டுக்கு ஓர் இளம்பெண் குடிவந்தது அந்த ஆண்டின் மழைக்காலத்தில். கையில் ஒரு பை, பக்கத்தில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் வயதில் ஒரு பெண்குழந்தை. பேசுவோர்க்கு வலச்செவியைத் திருப்பிக் கொடுத்தே அப்பெண் எதையும் கேட்பாள். இடச்செவி கேளாது. அது பிறவிக்குறை அன்று. கணவன் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவன். அவன் கை பட்ட செவி அது. ‘நீ எங்க போனாலும் குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்துருவேன், உன்னைய உயிரோட விடமாட்டேன்’ என்று அவன் சொல்லியிருந்தான். செய்யக்கூடியவன் என்பதற்கு அந்தச் செவியே சான்று. மதுரையிலுள்ள அண்ணன் வீட்டில்தான் அவன் முதலில் தேடுவான் என்று மலைக்கு வந்துவிட்டாள்.

அம்மையார் அவளிடம் பெயரை மட்டும் கேட்டார். ஊரைக் கேட்கவில்லை. மேற்சொன்னவற்றை அவளாகத்தான் சிறிது சிறிதாகச் சொன்னாள். “யார் வந்து கேட்டாலும் உள்ள இருக்குற என்னையக் கூப்புடுங்க ஐயா, நீங்க பதில் சொல்லாதீங்க” என்று அம்மையாரிடமிருந்து எனக்கு ஒரு கட்டளை வந்தது. அவ்வளவுதான்.

அப்பெண் கொடைக்கானல் நகரில் சாக்லேட் விற்கும் கடையொன்றில் வேலைக்கு அமர்ந்தாள். பிற்பகலில் பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தை, தாய் நகரப் பேருந்தில் வந்து சேரும்வரை அம்மையாரின் உணவறையில் வீட்டுப்பாடம் எழுதும். நானும் பெரும்பாலும் அங்கே ஒரு நூலோடு அமர்ந்திருப்பேன். கணப்பு அடுப்பு அங்குதான் இருந்தது.

குளிர் குறைந்த ஒரு நாளில் அப்பெண் தயங்கித் தயங்கி வந்து, பழனிக்குப் போகவேண்டும் என்றாள். குழந்தை முன்பு கடுங்காய்ச்சலில் கிடந்தபோது முடியிறக்குவதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

“இப்பப் போகத்தான் வேணுமாம்மா?” என்றார் அம்மையார்.

“பொழைச்சா முடி எடுக்குறேன்னு சொன்னேம்மா. பொழைச்சிருச்சு. நான் ஏமாத்தக் கூடாதுல்ல?”

“யார் யார் வருவாங்க?”

“எங்கண்ணன் வருது. தாய்மாமன் மடியில வச்சுத்தான் முடி எடுக்கணும். அப்புறம்...” அவள் நிறுத்தினாள். “புள்ளையோட அத்தைக்கும் சொல்லிருக்கேன். அவுக தம்பிதான் மிருகம், அவுக இல்லம்மா. காய்ச்சல் நேரத்துல ராவும் பகலும் கூட உக்காந்து பாத்துக்கிட்டது அவுகதான். நேரும்போதும் பக்கத்துல நின்னாக. விட்டுட்டுச் செஞ்சா சாமிக்கே பொறுக்காது. தனியா வருவேன், எங்கிருந்து வந்தீகன்னு கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்காக.”

 “சரி, நானும் வாரேன்” என்றார் அம்மையார்.

சிலுவை அணிந்த கழுத்தோடு அவர் பழனிக்குச் சென்றதை ஊரார் பலநாள் பேசினர். பேருந்தில் கடைசி இருக்கையைப் பிடித்து, வழியில் ஏறிய ஒவ்வொருவரையும் முகம் பார்த்துக்கொண்டே போனாராம். அடிவாரத்தில் முடியிறக்கும் இடம்வரை கூடவே இருந்தார். அத்தை கொண்டுவந்த பையை வாங்கிப் பார்த்தார். பாவாடை சட்டை, இனிப்பு, கொலுசு. வேறில்லை. பிறகு மற்றவர்கள் சாமி பார்க்க மலையேறினர். அவர் ஏறவில்லை. அவரவர் வழிபாட்டில் பிறர் இடையே நிற்கக்கூடாது என்பது அவர் கொள்கை. எல்லாருடைய செருப்புகளுக்கும் காவலாகக் கீழேயே அமர்ந்துவிட்டார். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறியவள் அத்தை.

திரும்பும்போதும் எவரும் பின்தொடரவில்லை. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு குழந்தை அவர் மடியில் தூங்கிக்கொண்டே மலையேறி வந்தது.

அதன்பின் சில நாள் கழித்துத்தான் அந்தக் குரல் கேட்டது. ஆனால் இம்முறை அதில் குழம்புக்கு உப்புப் போதவில்லை என்னும் தொனி இல்லை.

“ஒண்ணு கூடுதலா இருக்குங்கய்யா. போகவும் மாட்டேங்குது, நிக்கவும் மாட்டேங்குது.”

விருந்தினர் எவரும் இல்லாத காலம் அது. அறைகள் பூட்டிக் கிடந்தன. தொலைக்காட்சியின் மின்செருகியைப் பிடுங்கினார். என் கைப்பேசியை அணைக்கச் சொன்னார். அந்தப் பிதற்றற்பெயர் மங்கவில்லை. மாலையில் தானாக மறைந்தது. மறுநாள் பிற்பகலில் மீண்டும் வந்தது. அடுத்த நாளும் அவ்வாறே.

“ஒரு சொடுக்கில் அதைத் தடுத்துவிடலாமே” என்றேன்.

“கதவைச் சாத்திட்டா தட்டுனவன் யாருன்னு எப்படித் தெரியும்?”

“அண்டை வீட்டாராக இருக்கலாம்.”

“அடுத்த வீட்டுக்கு இந்த டப்பா எட்டாது. இது நம்ம சுவத்துக்குள்ளதான் கெடக்கு.” கைப்பேசித் திரையைத் தொட்டுக்காட்டி, “பிள்ளை ஸ்கூல் விட்டு வந்தாத்தான் வருது. அவங்கம்மா வந்தாப் போயிருது” என்றார்.

அவர் சொல்லாமல் விட்டது எனக்கும் விளங்கிற்று. அந்நேரத்தில் வீட்டில் இருப்போர் மூவர்.

மறுநாள் பிற்பகல் மூடுபனி கண்ணாடிச் சன்னல்வரை வந்து நின்றிருந்தது. குழந்தை கம்பளித் தொப்பியோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அம்மையார் கைப்பேசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து சென்று பெட்டியின் மின்செருகியைப் பிடுங்கினார். என் காதருகே குனிந்து, “எதைத் தேடணும்னு நமக்குத் தெரியலை. தொலைச்சவங்களுக்குத் தெரியும்ல” என்று சொல்லிவிட்டுப் பீன்ஸ் நறுக்க அமர்ந்தார்.

நான் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை எழுந்தது. பின்பக்கம் போயிற்று. திரும்பி வந்தது. மீண்டும் போயிற்று. வந்து மேசையருகே நின்றது.

“வார்டனம்மா, வைஃபை இல்லையா?”

“உனக்கு எதுக்கு வைஃபை?”

“சும்மா.”

கத்தி நறுக்கிக்கொண்டே இருந்தது. குழந்தை மூன்றாம் முறையாகப் பின்பக்கம் போய், ரப்பர் உரசும் ஓசை கேட்டதும் அவர் தலையைத் திருப்பாமலே கேட்டார்: “அந்த ரப்பர் பூட்ஸுக்குள்ள என்னடா கெடக்கு?”

தோட்ட வேலைக்கு அவர் போடும் முழங்கால் உயரக் காலணியொன்று பின்கதவருகே நின்றிருந்தது. அதற்குள் விட்ட கையை எடுக்காமல் குழந்தை நின்றது. பிறகு மெல்ல எடுத்தது. இளஞ்சிவப்பு நிறத்தில், கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவி. குழந்தைகளோடு தொலைவிலிருந்து பேசவும், அவர்கள் இருக்குமிடம் அறியவும் பெற்றோர் வாங்கிக் கட்டிவிடுவது. வீட்டு வலை இருந்தால் அதில் பேசலாம்; ஆனால் கைப்பேசி அலை எட்டாத இடத்தில் அது இருக்குமிடத்தைக் காட்டாது.

“யார் குடுத்தா?”

“அத்தை. மலைமேல. அப்பா ஆசையா வாங்குனாங்களாம். அம்மாகிட்டச் சொன்னாப் புடுங்கிருவாங்கன்னு சொன்னாங்க.”

“நான் மேல போகலையே” என்றார் அம்மையார், யாரிடமும் அல்லாமல். பின்னர், “பாஸ்வேர்டு யார் சொன்னது?”

“நீங்கதான். எல்லாருக்கும் சத்தமாச் சொல்லிச் சொல்லித்தானே போடுவீங்க.”

கத்தி நின்றது.

“அப்பா என்ன பேசுவாங்க?”

“சாப்டியான்னு கேப்பாங்க. ஒருநாள் அழுதாங்க. அப்புறம் விளையாடுவோம்.”

“என்ன விளையாட்டு?”

“கண்டுபுடிக்கிற விளையாட்டு. வாசல்ல என்ன தெரியுதுன்னு நான் சொல்லணும், அப்பா எந்த இடம்னு சொல்லணும். பேரிக்கா மரம் சொன்னேன். நீலக் கலர் வாசக் கேட்டு சொன்னேன். சர்ச் மணி அடிக்கையில வாட்ச்சைத் தூக்கிப் புடிச்சேன்.” குழந்தை சற்று வருத்தத்தோடு சேர்த்தது. “அப்பா கண்டுபுடிச்சுட்டாங்க. நான் தோத்துட்டேன்.”

என் கையிலிருந்த நூல் மேசையில் விழுந்த ஓசை எனக்கே பெரிதாகக் கேட்டது. அம்மையார் குழந்தையின் தொப்பியைச் செவிவரை இழுத்துவிட்டார். அவர் குரல் மாறவே இல்லை.

“எப்ப வர்றேன்னு சொன்னாங்க?”

“இன்னைக்கு. பெருமாள்மலை வந்ததும் கூப்புடுவாங்க. நான் வாசக் கேட்டுக்கிட்டப் போய் நிக்கணும். அம்மாவுக்குச் சர்ப்ரைஸ்.”

பெருமாள்மலையிலிருந்து செண்பகனூருக்கு வண்டியில் சிறு தொலைவுதான். இந்தக் கருவி பேசாமல் கிடந்தாலும் நீலக்கதவையும் பேரிக்காய் மரத்தையும் கடைகடையாகக் கேட்டுக்கொண்டு அவன் வந்து சேர்ந்துவிடுவான்.

அம்மையார் என்னை வெளித்தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்றார். கருவியை என் கையில் வைத்தார்.

“ஐயா, மேல ரோட்ல கேரட் லோடு ஏத்திக்கிட்டிருப்பாங்க. டிரைவர் எங்க ஹாஸ்டல் சமையக்காரம்மா மகன். இதை அவன்கிட்டக் குடுங்க. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் போற வரைக்கும் வண்டியிலயே கெடக்கட்டும். அங்க போயி அணைச்சு எறிஞ்சிரச் சொல்லுங்க. இது கீழ போறதைப் பாத்தா அவனும் கீழ போவான். அப்படியே அந்தப் பொண்ணுக்கும் போன் போட்டுருங்க. கடையை விட்டு வெளிய வரவேண்டாம், நான் சொல்லி அனுப்புற வரைக்கும்.”

“அவன் முன்னரே வந்துவிட்டால்?”

“நான் இருக்கேன்ல. போங்க.”

மங்கிய கண்ணோடு மூடுபனியில் அந்தச் சரிவில் ஏறினேன். மேலிருந்து இறங்கி வரும் ஒவ்வொரு காலடியோசையும் அவனுடையதாகவே கேட்டது. சாலையை அடைந்த மாத்திரத்தில், அலை கிடைத்துவிட்டது போலும், சட்டைப்பையில் அக்கருவி உயிர்பெற்று மழலைப் பாட்டொன்றைப் பாடத் தொடங்கிற்று. அவன் பெருமாள்மலைக்கு வந்துவிட்டான்.

சுமையுந்தின் மேலே கயிறு இறுக்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “என்னங்கய்யா, பைக்குள்ள பிள்ளை பாடுது?”

பாட்டு நிற்கும்வரை காத்திருந்தேன். ஒலிவாங்கி வழியே அவன் கேட்டுக்கொண்டிருப்பானோ என்று, மேல்துண்டில் அதைப் பொதிந்து கொடுத்துவிட்டு, அவரைத் தள்ளி அழைத்துச் சென்று செய்தியைச் சொன்னேன்.

“யாருதுங்கய்யா இது?”

“அதை அவர் சொல்லவில்லை.”

“வார்டனம்மாவே சொல்லலைன்னா பெரிய சோலிதான்” என்று சொல்லி, இருக்கைக்கு அடியில் அதைச் செருகி வண்டியைக் கிளப்பினார். பனிக்குள் பின்விளக்குகள் மறைந்தன. நான் அப்பெண்ணை அழைத்தேன். வலச்செவியில்தான் வைத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டு மெதுவாகவும் தெளிவாகவும் சொன்னேன். மறுமுனையில் அழுகையில்லை. “புள்ள?” என்று மட்டும் கேட்டாள்.

நான் திரும்பியபோது கதவுகள் தாழிடப்பட்டிருந்தன. குழந்தை சன்னற்கண்ணாடியில் நெற்றியை வைத்து நீலக்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே போய் நிற்க வேண்டுமென்று அழுது ஓய்ந்த முகம். அம்மையார் அதன் பின்னே நின்று இரண்டு தோள்களிலும் கைவைத்திருந்தார்.

“அப்பா வருவாங்கல்ல?”

“இன்னைக்கு வரக்கூடாதுன்னுதான் நான் கும்புட்டுக்கிட்டிருக்கேன்” என்றார். வேறு சொல்லி அக்குழந்தையைத் தேற்றியிருக்கலாம். அது அவருக்கு வராது. குழந்தை அவர் கைகளை உதறிவிட்டு வேறு சன்னலுக்குப் போயிற்று. சாலையில் வண்டி போகும் ஓசை கேட்கும்போதெல்லாம் எங்கள் மூவர் தலையும் வாசற்பக்கம் திரும்பிற்று. மூவரும் ஒன்றையே எதிர்பார்த்திருந்தோம், ஒருத்தி மட்டும் விருப்பத்தோடு.

அவன் வரவில்லை. ஓட்டுநர் அடுத்த சுமைக்கு வந்தபோது நடந்ததைச் சொன்னார்: “பழனி ரோட்ல ஒரு வெள்ளைக் காரு என்னையத் தாண்டிப் போவுது, நிக்குது, மறுபடி பின்னாடி வருது. முன்னாடி போன பஸ்ஸ மறிச்சு ஏறி, ஒவ்வொரு சீட்டாப் பாக்குறான். எறங்கிப் போனைப் பாக்குறான். என்னையப் பாக்குறான். நானா? கேரட்டு மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு ஓட்டிட்டேன். அடிவாரம் வரைக்கும் கூடவேதான் வந்தான்.”

கருவி மலையிறங்கிய அன்று மாலையே அம்மையார் அப்பெண்ணோடு காவல்நிலையத்துக்குச் சென்று எழுத்து மூலம் முறையீடு கொடுத்தார். பெற்றுக்கொண்டார்கள். ஆனால் மரமும் கதவும் மணியும் அவனுக்குத் தெரிந்துவிட்டன. இனி அவ்வீடு மறைவிடமாகாது என்பதை எவரும் எவருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மறுநாள் விடியலில் பையோடு வந்து நின்றாள் அப்பெண். குழந்தை அம்மையாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

“அம்மா, நாங்க இப்ப இங்கருந்து...”

“சொல்லாத.”

அவள் திகைத்தாள். நானும் திகைத்தேன். ஒரு கருவிக்குப் பெயர் தெரியாவிட்டால் உணவு கொள்ளாதவர் அவர்.

“எங்க போறேன்னு எங்கிட்டச் சொல்லாதம்மா. போயிச் சேந்தும் சொல்லாத. அவன் இங்கதான் மொதல்ல வருவான். எனக்குப் பொய் சொல்ல வராது, என் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். தெரியாதுன்னு நான் சொன்னா அது நெசமா இருக்கணும்.”

அவர் சொன்னவாறே சில நாளில் அவன் வந்தான். முரடனாக வரவில்லை. கையில் பெரிய பொம்மையோடு, கூப்பிய கையோடு வந்தான். அதுவே எனக்குக் கூடுதலாக அச்சமூட்டிற்று.

“அம்மா, எம்புள்ளைய ஒருதரம் காட்டுங்க. போயிர்றேன்.”

“உங்க பேரு?”

அவன் சொன்னான்.

“இங்க இல்ல. உள்ள வந்து பாத்துக்குங்க.”

ஒவ்வோர் அறையாகப் பார்த்தான். பின்கட்டின் வெறுந்தரையில் நெடுநேரம் நின்றான். திரும்பி வந்து, மிக அருகில் நின்று கேட்டான்.

“எங்க போனாங்க?”

“தெரியாது.”

அவன் அவர் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அம்முகத்தில் தேடுவதற்கு ஒன்றுமில்லை.  பொம்மையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் வண்டியோசை அடங்கியபின் அம்மையார் வாசற்படியில் அமர்ந்துவிட்டார். “எங்க இருக்காளோ, என்ன சாப்பிட்டுச்சோ அந்தப் பிள்ளை” என்றார். அவருக்கு எழ நெடுநேரமாயிற்று. அன்று முதல் கடவுச்சொல்லை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு அழுத்தலானார்.

குளிர் என் உடம்புக்கு ஒவ்வாமல் நான் மலையை விட்டு இறங்குவதற்குச் சற்று முன்னர், ஒரு பிற்பகலில், உணவறையில் டப்பாவின் வலைவழியே அவர் கைப்பேசி ஒலித்தது. அறியாத எண். அறியாத எண்ணென்றால் ‘யாரு பேசுறது, பேரு சொல்லுங்க’ என்பதே அவருடைய முதற்சொல். அன்று எடுத்துச் செவியில் வைத்தவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுமுனையும் பேசவில்லை என்று தோன்றிற்று. அவர் விழிகள் மெல்ல மூடின. கூர்ந்து கேட்பவர்போல் தலை சாய்ந்தது. திடுமென, சுட்டதுபோல், கைப்பேசியைச் செவியிலிருந்து எடுத்து அழைப்பைத் துண்டித்தார்.

“யாரம்மா?” என்றேன்.

“தெரியலைங்கய்யா. பேசலை.”

“சிறிது பொறுத்திருக்கலாமே.”

“பின்னாடி என்னமோ சத்தம் கேட்டுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டா எந்த ஊருன்னு கண்டுபுடிச்சிருவேன். அதான் வச்சிட்டேன்.”